வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை: டச்சு இஞ்சிக் கூக் வீட்டில் சுடுவது

நவம்பர் 4, ஒரு வாசகரின் கேள்வி

அக்கா, நெதர்லாந்தில் காலையில் சாப்பிடுகிற இஞ்சி, பட்டை போட்ட கேக்கை (ஒன்ட்பைட்கூக், சுருக்கமாகக் கூக்) நேற்று சுட்டேன். செய்முறையில் வெண்ணெயும் இல்லை, முட்டையும் இல்லை. அடுப்பிலிருந்து எடுத்து அரை மணி நேரத்தில் வெட்டினேன். மேலே ஓடு மாதிரி கடினம், உள்ளே வறட்சி, வாயில் வைத்தால் காரம் மட்டும் தெரிகிறது. அடுத்த முறை 100 கிராம் வெண்ணெயும் 2 முட்டையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கேக் என்றால் கொழுப்பு வேண்டாமா?

நவம்பர் 4, இரவு

சேர்க்காதீர்கள். சேர்த்தால் நல்ல மசாலா கேக் ஒன்று கிடைக்கும், ஆனால் அது கூக் இல்லை. கூக்கின் ஈரம் கொழுப்பிலிருந்து வருவதில்லை. ரை (கோதுமைக்கு உறவான ஒரு தானியம்) மாவும் தேனும்தான் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அதற்கு நேரம் வேண்டும். அரை மணி நேரத்தில் வெட்டியதுதான் சிக்கல். மிச்சம் இருந்தால் இப்போதே இறுக்கமாகச் சுற்றி வையுங்கள். நாளை மறுநாள் காலையில் ஒரு துண்டு வெட்டிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

நவம்பர் 5

பலர் அளவு கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தின் பக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக் கொடுத்த அளவை என் அடுப்புக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். 25 சென்டிமீட்டர் நீள ரொட்டி அச்சுக்கு இது சரியாக இருக்கும்.

ரை மாவு 125 கிராம், மைதா 125 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சோடா உப்பு கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, கரும்பழுப்புச் சர்க்கரை 100 கிராம், தேன் 100 கிராம், ஸ்ட்ரோப் 50 கிராம், பால் 225 மில்லி, கூக் மசாலாப் பொடி (பட்டை, சுக்கு, கிராம்பு முதலியவை) 3 தேக்கரண்டி. இங்கே கடையில் கிடைக்கும் பழுப்புச் சர்க்கரை ஈரமாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும். ஸ்ட்ரோப் என்பது கறுப்பான சர்க்கரைப் பாகு. அது இல்லாதவர்கள் வெல்லப்பாகைக் கெட்டியாகக் காய்ச்சிப் போடலாம். சுவை சற்று மாறும், ஆனால் கெட்டுப்போகாது.

பாலை வெதுவெதுப்பாக்கி, தேன், ஸ்ட்ரோப், சர்க்கரை மூன்றையும் அதில் கரையுங்கள். மாவுகளையும் பொடிகளையும் சலித்து வைத்துக்கொண்டு, இந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். இட்லி மாவுப் பதத்தில் இருக்கும். அடிக்க வேண்டியதில்லை, கட்டி இல்லாமல் கலந்தால் போதும். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், ரை மாவு தண்ணீரைக் குடித்துக் கொஞ்சம் இறுகும். அப்புறம் அச்சில் ஊற்றி 150 டிகிரியில், அடுப்பின் கீழ்ப்பகுதியில், 65 முதல் 75 நிமிடம். குச்சி விட்டால் சுத்தமாக வர வேண்டும்.

நவம்பர் 5, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: காற்றாடி ஓடும் அடுப்பு என்றால் 140 போதும். 180இல் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தேனும் சர்க்கரையும் இவ்வளவு இருக்கும் மாவு மேலே கருகிவிடும், நடுவில் பச்சையாக நிற்கும். 45 நிமிடத்தில் மேல்புறம் கறுக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள்.

எடுத்துப் பத்து நிமிடம் அச்சிலேயே விடுங்கள். வெளியே எடுத்ததும், இன்னும் சூடு இருக்கும்போதே தாளில் சுற்றிவிட வேண்டும். முழுவதும் ஆற விட்டால் ஆவி வெளியே போய்விடும். சுற்றினால் அந்த ஆவியிலேயே மேல் ஓடு மிருதுவாகிவிடும். கேள்வி கேட்டவர் சொன்ன 'ஓடு' இப்படித்தான் போகும். கடைக் கூக்கில் அந்த ஓடு இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பெரிய பலகையாகச் சுட்டு வெட்டுகிறார்கள், அதனால் வெட்டிய பக்கங்களில் மொறுமொறுப்பே இருக்காது.

நவம்பர் 8

"ரை மாவு கிடைக்கவில்லை, கம்பு மாவோ கேழ்வரகு மாவோ போடலாமா?"

போடலாம். ஆனால் வருவது வேறு பண்டம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவைப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரத வலை உண்டாகி மாவைத் தாங்குகிறது. ரையில் அந்த வலை மிகப் பலவீனம். அதற்குப் பதிலாக அதில் பென்டோசான் என்ற நார்ப்பொருள் நிறைய இருக்கிறது. அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், வெந்த பிறகும் எளிதில் விடாது. கூக் ஒரு வாரம் கழித்தும் ஈரமாக இருப்பது இதனால்தான். கம்பிலும் கேழ்வரகிலும் இந்தத் தன்மை இல்லை. முதல் நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் உதிர ஆரம்பித்துவிடும்.

ரை கிடைக்கவே கிடைக்காது என்றால் முழுக் கோதுமை மாவே மேல். நம் ஆட்டா மாவு பொடிசாக அரைபட்டது, தண்ணீரை நிறையக் குடிக்கும். பாலை 20, 30 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ரைக்காகக் கொஞ்சம் அலைந்தாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. இந்தப் பண்டத்தின் உயிர் இஞ்சி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ரைதான்.

நவம்பர் 9

தேனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேனில் உள்ள பழச்சர்க்கரை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வெள்ளைச் சர்க்கரைக்கு அந்த அளவு இழுப்பு கிடையாது. இன்னொன்று, தேன் புளிப்புத் தன்மை உள்ளது. நாவில் இனிப்பு அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் புளிப்போடு சோடா உப்பு வேலை செய்து மாவு எழும்ப உதவுகிறது. தேனை முழுவதும் எடுத்துவிட்டு வெறும் சர்க்கரை போடுகிறவர்கள் பாலுக்குப் பதில் மோர் ஊற்றுங்கள். இங்கே மோர் ஊற்றிச் சுடுகிற வீடுகளும் இருக்கின்றன.

விலை உயர்ந்த காட்டுத் தேன் வேண்டாம். அதன் நுட்பமான மணம் கிராம்புக்கு முன்னால் நிற்காது.

நவம்பர் 15

மசாலா. இதைச் சுருக்கமாக எழுத முடியாது.

இங்கே கடையில் இரண்டு டப்பாக்கள் அருகருகே இருக்கும். ஒன்று ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டுக்கானது, மற்றது கூக்குக்கானது. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் யாரும் கைது செய்யப் போவதில்லை. ஆனால் கூக் மசாலாவில் கொத்தமல்லி விதையும் சோம்பின் பக்கம் சாய்ந்த மணமும் தூக்கலாக இருக்கும். ஸ்பெகுலாஸில் பட்டையும் கிராம்பும் முன்னே நிற்கும். நான் வீட்டிலேயே பொடித்துக்கொள்கிறேன்: பட்டை 4 பங்கு, கொத்தமல்லி விதை 2, சுக்கு 2, சோம்பு 1, சாதிக்காய் 1, கிராம்பு அரை, ஏலக்காய் அரை. கிராம்பில் கை வைக்கும்போது கவனம். சுட்ட அன்று அளவாகத் தெரியும் கிராம்பு இரண்டாம் நாள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கொத்தமல்லி, சோம்பு இரண்டும் ஐரோப்பாவிலேயே விளைபவை. மிச்சம் எல்லாம் கடல் தாண்டி வந்தவை. தேன் கூக் சுடும் பழக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைவிடப் பழையது. கம்பெனி தொடங்கியது 1602இல். டெவென்டர் நகரத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே கூக் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் மிளகும் இஞ்சியும் வந்தன, வெனிஸ் வழியாக, பணக்காரர் விலையில். சாதாரண வீட்டுக் கூக்கில் இவ்வளவு தாராளமாக மசாலா விழ ஆரம்பித்தது கம்பெனிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகு.

அந்தத் தாராளம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாதிக்காய்க்காக 1621இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவுகளைப் பிடித்தார். அங்கிருந்த மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள், அல்லது தப்பி ஓடினார்கள். பட்டைக்காக இலங்கை: 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் யாழ்ப்பாணம். அதே 1658இல் இந்தப் பக்கம் நாகப்பட்டினமும் கம்பெனி கைக்குப் போனது. இலங்கையில் சலாகம சாதியினர் கட்டாய வேலையாகக் காட்டில் பட்டை உரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் கூக் சுடுகிறேன், விரும்பிச் சாப்பிடுகிறேன். ஆனால் "பாட்டி காலத்துப் பாரம்பரிய மசாலா" என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, அந்த வரி பாதியில் நின்றுபோனதாகவே எனக்குப் படுகிறது.

நவம்பர் 16

பட்டை பற்றி இன்னொரு யோசனை. நம் ஊர்க் கடையில் பட்டை என்று கிடைக்கும் தடித்த ஒற்றைச் சுருள் பெரும்பாலும் காசியா வகை. இலங்கைப் பட்டை மெல்லிய தாள்கள் பல சேர்ந்து சுருண்டிருக்கும், கையாலேயே நொறுங்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் நிறையச் சாப்பிட்டால் அது கல்லீரலுக்கு ஆகாது. கூக் தினமும் காலையில் சாப்பிடுகிற பண்டம் என்பதால் நான் இலங்கைப் பட்டைக்கு மாறினேன். மணம் கொஞ்சம் மென்மையாகிறது. அதை ஈடுகட்ட 4 பங்கை 5 ஆக்கிக்கொள்ளுங்கள்.

நவம்பர் 22

இப்போது இஞ்சி. இஞ்சித் துண்டுகள் போட்ட கூக்குக்குத் தனிப் பெயரே இருக்கிறது, கெம்பர்கூக். அதில் போடுவது சர்க்கரைப் பாகில் ஊறிய இளம் இஞ்சி. இங்கே கண்ணாடிப் புட்டியில் உருண்டை உருண்டையாக விற்பார்கள். கிடைக்காத ஊரில் செய்துகொள்வது கடினமில்லை. நார் விழாத இளம் இஞ்சியைத் தோல் சீவி நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை வேகவிடுங்கள். காரம் அப்படித்தான் தணியும். அப்புறம் இஞ்சியின் எடைக்குச் சம எடை சர்க்கரையும், மூழ்கும் அளவு தண்ணீரும் சேர்த்து, கண்ணாடி போலத் தெளியும் வரை சிறு தீயில் வையுங்கள்.

மேலே சொன்ன அளவுக்கு 100 கிராம் துண்டு போதும். மாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. மிஞ்சிய பாகைக் கூக் சூடாக இருக்கும்போது மேலே தடவுங்கள். பளபளப்பும் வரும், காரமும் வரும்.

"துண்டு போட்டால் சுக்குப்பொடி எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். இரண்டும் ஒரே காரம் இல்லை. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் உறைப்பு. சுக்கு தொண்டையில் நின்று எரியும். பாகு இஞ்சி நாவில் பட்டு இனிப்போடு போய்விடும். ஒன்றை விட்டால் மற்றது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். வீட்டில் இடித்த சுக்கு என்றால் கட்டாயம் சலியுங்கள், நார் கூக்கில் கரையாது.

நவம்பர் 23

பழைய செய்முறைகளில் மாவை எழும்ப வைக்க அம்மோனியம் பைகார்பனேட்டும் பொட்டாஷும் வரும். ஒருவர் அதைத் தேடி வாங்கி வைத்திருக்கிறாராம். தடித்த கூக்குக்கு அம்மோனியம் வேண்டாம் என்பேன். மெல்லிய பிஸ்கட்டில் அந்த நெடி வெளியே போய்விடும், தடித்த கூக்கில் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதோடு, தேன் சேர்ந்த மாவில் அது அக்ரிலமைடு (சூட்டில் உண்டாகும், உடம்புக்கு ஆகாத ஒரு பொருள்) உண்டாவதைக் கூட்டுகிறது, சோடா உப்பு அந்த அளவுக்குக் கூட்டுவதில்லை. இந்த வகைப் பண்டத்தில் அக்ரிலமைடு ஏற்கெனவே கொஞ்சம் அதிகம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த விதியில் இஞ்சி ரொட்டிக்குத் தனியாக, கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பயப்படச் சொல்லவில்லை. 150 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

டிசம்பர் 2

டெவென்டர் போய்விட்டு வந்தேன். ஐசெல் ஆற்றங்கரையில் உள்ள ஹான்சா என்ற பழைய வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த நகரம். நடுவில் பிரிங்க் என்ற பெரிய சதுக்கம், அதில் 1528இல் கட்டிய எடைக்கூடம் இன்னும் நிற்கிறது. அதே சதுக்கத்தில் பூசிங்க் கூக் கடை. 1593 என்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் தேனும் மசாலாவும் கலந்த வாசனை, பழைய மர அலமாரிகள், பீங்கான் ஜாடிகள்.

டெவென்டர் கூக் நாம் பேசிக்கொண்டிருக்கும் கூக்கைவிட இறுக்கமானது. பல்லில் கொஞ்சம் நின்று இழுக்கும், இனிப்பு ஆழமாக இருக்கும். மாவையும் தேனையும் முதலில் சேர்த்து நாள்கணக்கில் ஊறப்போடுவது பழைய முறை. அந்த ஊறலில்தான் சுவை கூடுகிறது. வந்ததும் நானும் ரை மாவையும் சூடாக்கிய தேன், ஸ்ட்ரோப்பையும் பிசைந்து, மூடி, குளிர்ந்த அறையில் வைத்தேன். பால் சேர்க்கவில்லை. சேர்த்தால் இத்தனை நாள் தாங்காது. ஒரு வாரம் கழித்து மற்றதையெல்லாம் சேர்த்துச் சுடப் போகிறேன்.

வடக்கே குரோனிங்கன் பக்கம் போனால் சோம்பு வாசனை தூக்கலான கூக். நிக்கோலாஸ் திருநாள் நெருங்குவதால் இப்போது எங்கே பார்த்தாலும் டாய்டாய் என்ற பண்டம் தொங்குகிறது. அதுவும் ரை, தேன், சோம்புதான், ஆனால் மென்று முடிக்கத் தாடை வலிமை வேண்டும். என் பக்கத்து ஊரான ஹெல்ட்ரோப்பில் 1883இல் தொடங்கிய பெய்னன்பர்க் நிறுவனத்தின் கூக்தான் இன்று நாடு முழுக்கச் சாப்பாட்டு மேசைகளில் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே குடும்பம். எது அசல் என்று சண்டை போடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதன் பதம்.

டிசம்பர் 6

முக்கியமானது. எட்டு மாதக் குழந்தைக்குக் கூக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். தேன் சேர்த்தது என்றால் ஒரு வயது முடியும் வரை வேண்டாம். தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், வீட்டு அடுப்பின் சூட்டில் அவை சாகாது. பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கைக்குழந்தைக்கு ஆபத்து.

டிசம்பர் 11

ஊறல் கூக் சுட்டாகிவிட்டது. மாவும் தேனும் கல்லாக இறுகியிருந்தது, சூடான பாலில் கரைக்கக் கை வலித்தது. சுவை? உருண்டு திரண்டு வருகிறது. மசாலா தனித்தனியாகத் தெரியவில்லை, எல்லாம் ஒன்றாக வருகிறது. வேலை நாளில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். டிசம்பரில் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஜனவரி 10

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மறுபடி சுட்டு, சூட்டோடு சுற்றி, இரண்டு இரவு பொறுத்து வெட்டியிருக்கிறார். மிருதுவாக வந்ததாம். "ஆனால் இனிப்பு அதிகம், சர்க்கரையைப் பாதியாக்கட்டுமா?" என்கிறார்.

பாதியாக்கினால் ஈரமும் பாதியாகும். இங்கே சர்க்கரை சுவைக்கு மட்டும் இல்லை. 100 கிராமை 75 வரை குறைக்கலாம், தேனைத் தொடாதீர்கள். நானே இந்தக் குளிர்காலத்தில் 80க்கு இறங்கிவிட்டேன். தேன் அதே 100, ஸ்ட்ரோப்பை மட்டும் 60க்கு ஏற்றிக்கொண்டேன். நவம்பரில் கொடுத்த அளவைவிட இதுதான் இப்போது எனக்குப் பிடிக்கிறது. கசப்பு லேசாக எட்டிப் பார்க்கிறது, மேலே தடவும் வெண்ணெய்க்கு அது பொருத்தம்.

வெண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. உங்கள் 100 கிராம் வெண்ணெயை எங்கே வைக்க வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. மேலே! குளிர்ந்த, உப்புப் போட்ட வெண்ணெய், பல் பதியும் தடிமனில். கூக்குக்குள் கொழுப்பு இல்லாததால்தான் மேலே வைக்கும் வெண்ணெய் இவ்வளவு சுவைக்கிறது. உள்ளேயும் இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று மழுக்கிவிடும்.

ஜனவரி 11

கத்தியில் ஒட்டுகிறது என்றால் வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், அங்கே மாவுச்சத்து சீக்கிரம் இறுகிவிடும். டப்பாவில் மூடி வெளியே வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். நம் ஊர் வெயிலில் நான்கைந்து நாளுக்கு மேல் நம்ப வேண்டாம், துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஏப்ரல் 27

இன்று மன்னர் பிறந்தநாள். ஊரெல்லாம் ஆரஞ்சு நிறம். எங்கள் தெருமுனையில் கயிறு கட்டி அதில் கூக் துண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, வாயாலேயே கவ்விச் சாப்பிட வேண்டும். கூக்ஹாப்பன் என்று பெயர். கயிற்றைப் பிடித்திருக்கும் பெரியவர் தூக்கித் தூக்கி ஏமாற்றுவார். என் மகள் முகமெல்லாம் பிசுபிசுப்போடு வந்து நின்றாள்.

வீட்டில் சுட்டதைக் கொண்டுபோயிருந்தேன், கயிற்றில் கோர்த்ததும் பாதி அறுந்து விழுந்தது. இந்த விளையாட்டுக்கு என்று சுடுகிறவர்கள் ரையைக் குறைத்து மைதாவை 175 கிராம் ஆக்குங்கள், பாலையும் 200க்குக் குறையுங்கள். இஞ்சித் துண்டு வேண்டவே வேண்டாம், துண்டு இருக்கும் இடத்தில்தான் அறுகிறது.

மே 3

"காய்ந்துபோன கடைசித் துண்டுகளை என்ன செய்வது?"

ஹஷே வையுங்கள். மாட்டிறைச்சியும் அதே எடை வெங்காயமும் போட்டு, வினிகர், பிரிஞ்சி இலை, கிராம்பு சேர்த்துச் சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகும் குழம்பு. இறக்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்றிரண்டு கூக் துண்டில் கடுகு விழுது தடவி, குழம்பின் மேல் கவிழ்த்து வைத்து மூடிவிடுங்கள். அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், வினிகரின் புளிப்பையும் சமன்படுத்தும். மாடு சாப்பிடாதவர்கள் காளானும் வெங்காயமும் வைத்துச் செய்யலாம், ஒரு மணி நேரம் போதும். மசித்த உருளைக்கிழங்கோடு நன்றாக இருக்கும். இஞ்சித் துண்டு போட்ட கூக் என்றால் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.